ஒரு விரக்கடை

எனக்கா? எனக்கு முட்டி வலியெல்லாம் கிடையாதுங்க. சத்தியமா கிடையாது. இந்த வராந்தாவுல உக்காந்திருக்கிற அத்தனை பேருலயும் முட்டி நல்லா இருக்கிற ஒரே ஆளு நான்தான். டோக்கன் குடுக்கிற பொண்ணு கூட "எந்தக் கால் சார்?"னு கேட்டுச்சு. ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்குன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு டோக்கனைக் குடுத்துச்சு. பணம் கட்டினா நல்ல காலுக்கும் வைத்தியம் பாப்பாங்க. அந்த வசதி வந்து ரொம்ப நாளாச்சு.

உங்களுக்கு எந்த முட்டி? ரெண்டுமா? குடுத்து வச்சவரு. உக்காருங்க, இன்னும் நேரம் ஆகும். டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்காராம். அந்த ரவுண்ட்ஸ் எங்க ஊரு நாலு வீதியை விடப் பெரிசு போலருக்கு, போனவரு வரவே இல்ல.

நான் எதுக்கு வந்திருக்கேன்னா, என் காலை வெட்டி ஒரு விரக்கடை உயரம் ஏத்தி விடச் சொல்லணும். அவ்வளவுதான். சிரிக்காதீங்க சார். நான் சினிமாவுல சேரப் போறதில்ல. பொண்ணு பாக்கவும் போகல, பொண்ணையே கட்டிக் குடுத்தாச்சு. ஒரு விரக்கடை. ஒரு விரல் அகலம். அது இல்லாம என் மானம் போயிட்டிருக்கு.

என் பேரு சௌரிராசன். கீழவீதியில ஜெராக்ஸ் கடை. அது சோத்துக்கு. மத்தபடி நான் சாமி தூக்குறவன். எங்க ஊரு பெருமாள் உற்சவத்துல பல்லக்குல வீதி சுத்தி வருவாரு இல்ல, அந்தப் பல்லக்குக்கு ரெண்டு பக்கமும் நீளமா மரம் கட்டியிருக்கும். வாரைன்னு சொல்லுவோம். முன்பக்க வாரை, வலது கை, முதல் தோள். அது என் இடம். இருபது வருஷத்துக்கு மேல அது என் இடம். போன்ல போட்டோ எடுக்கிறவன் எல்லாம் முதல்ல என்னத்தான் எடுப்பான். சாமி அதுக்கப்புறம்தான் உள்ள வருவாரு. நான் பெருமைக்குச் சொல்லல, கேமராவுல விழுற வரிசை அப்படி.

எனக்குப் பின்னால அதே வாரையில ரெண்டாவது தோள், ஆராவமுது. மாவு மில்லு வச்சிருக்கான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணா ஃபெயிலானோம். ஒரே வாரையில முன்ன பின்ன நிக்கிறவங்க ரெண்டு பேரும் ஒரே உசரமா இருக்கணும். அதான் ஜோடி. அதுக்கு எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. கொடியேத்தத்துக்கு முந்தின நாள், எங்க ஆளுங்களுக்குத் தலைவரா இருக்கிற உப்பிலி அண்ணன் எல்லாரையும் மண்டபத்துக் கல்லுத்தரையில வெறுங்காலோட நிக்க வைப்பாரு. ரெண்டு பேரு தோள் மேல ஒரு பலகையை வைப்பாரு. பலகை மேல ஒரு எலுமிச்சம்பழம். பழம் நின்னா ஜோடி. உருண்டா ஜோடி இல்ல. பெருமாள் தீர்ப்பு, அப்பீல் கிடையாது. எங்க ரெண்டு பேருக்கும் பழம் ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். ஒரு வருஷம் உப்பிலி அண்ணன் பலகையைத் தட்டிக் கூடப் பாத்தாரு. நகரல.

இதுல என்ன விசேஷம்னா, ஆராவமுதுக்கு வில்லுக்கால். நேரா நின்னா ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு பூசணிக்காயை விடலாம். அந்தக் கால் மட்டும் நேரா இருந்திருந்தா அவன் என்னை விட உசரம். காலு வளைஞ்சதால எனக்குச் சரியா இறங்கி வந்திருந்தான். பகவான் பாத்துப் பாத்து செஞ்ச அளவு சார் அது. மனுஷன் கை வைக்கலாமா அதுல?

தூக்குறதுல ஒரு நயம் இருக்கு. தொழில் ரகசியம், நீங்க வேத்து ஊரு, அதனால சொல்றேன். மத்தவன் எல்லாம் மரத்தைத் தோள்ல அப்படியே வாங்குவான். வாங்கிட்டுப் பல்லைக் கடிப்பான், கழுத்து நரம்பு புடைக்கும், பாக்கிற சனத்துக்கே பாவமா இருக்கும். நான் அப்படி இல்ல. பல்லக்கு எழும்பினதும் முட்டியைக் கொஞ்சம் தளத்திக்குவேன். தோளை லேசா இறக்கிக்குவேன். மரம் தொட்டும் தொடாமலும் வரும். சாமி ஆடாம அசையாம வருவாரு. நானும் சிரிச்ச மொகமா வருவேன். கீழவீதிப் பொம்பளைங்க எல்லாம், "சௌரி மொகத்துல என்ன சாந்தம் பாரு, அவனுக்குப் பாரமே தெரியல பாரு"ன்னு சொல்லுவாங்க. என் காதாலயே கேட்டிருக்கேன்.

ஆராவமுதுக்கு அந்த நயம் கடைசி வரைக்கும் வரல. எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்! "டேய், நீயும் கொஞ்சம் தளந்துக்கடா"ம்பேன். "ரெண்டு பேரும் தளந்தா சாமி கீழ வந்துடுவாருடா"ம்பான். பதில் பேசத் தெரியும், வேலை தெரியாது. அவன் தோள்ல வண்டிமாட்டுக் கழுத்து மாதிரி காய்ப்பு காச்சுப் போச்சு. உற்சவம் முடிஞ்சா பத்து நாளைக்கு மில்லுல நொண்டுவான். நான் மறுநாளே கடையைத் திறந்துடுவேன். உடம்பை வச்சுக்கத் தெரியணும் சார். நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ உற்சவம் முடிஞ்சதும் அவன் நொண்டல் நிக்கல. படி இறங்கினா உசிர் போகுதுங்கிறான். கீழ உக்காந்தா எழுந்திரிக்க முடியலங்கிறான். நான் எனக்குத் தெரிஞ்ச எல்லாம் சொன்னேன். பிண்ட தைலம் தேய்க்கச் சொன்னேன். முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி சூப்பு வச்சுக் குடிக்கச் சொன்னேன். மில்லுல நின்னு நின்னு அரைச்சவனுக்கு முட்டியும் அரைஞ்சு போச்சு, வேற என்னன்னு ஆறுதலும் சொன்னேன். அவன் பொண்டாட்டி செங்கமலம் ஒண்ணுக்கும் மசியல. எலும்பு டாக்டர்கிட்டதான் போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னுச்சு. அது நல்ல கால், நிக்கலாம்.

இதே ஆஸ்பத்திரிதான். நானும் துணைக்கு வந்தேன். பின்ன, வேற யாரு வருவா? இதே டாக்டர்தான். சின்ன வயசு, ஆனா ஆளு அமரிக்கை. இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரே படமா எக்ஸ்ரே எடுத்தாரு, அவனை நிக்க வச்சு. அதுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு போட்டாரு. "இடுப்பு மூட்டுலேர்ந்து கணுக்காலுக்குப் போற கோடு முட்டியோட நடுவுல போகணும். உங்களுக்கு உள்பக்கமாப் போகுது. உடம்பு பாரம் பூரா உள்பக்கத்துல விழுந்து, அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு மட்டும் தேய ஆரம்பிச்சிருக்கு. வெளிப்பக்கம் புதுசா அப்படியே இருக்கு, அதுக்கு வேலையே இல்ல"ன்னாரு.

"ஒரு பக்கம் உழைக்குது, ஒரு பக்கம் சும்மா இருக்கு"ன்னு செங்கமலம் சொல்லிச்சு. என்னப் பாத்துக்கிட்டே சொல்லிச்சு. எனக்குப் புரியணும்னு எடுத்துச் சொல்லுச்சு போலருக்கு. நல்ல மனசு.

டாக்டர் கேட்டாரு, பாரம் தூக்குவீங்களான்னு. மாவு மில்லு, அப்புறம் சாமி தூக்குறேன்னான். எப்படித் தூக்குவீங்க காமிங்கன்னாரு. மூலையில ஒரு கம்பு இருந்துச்சு, எக்சர்சைஸ் பண்ற கம்பு போல. அதை நான் முன்னயும் அவன் பின்னயும் தோள்ல வச்சுக் காமிச்சோம். வழக்கமா நிக்கிற மாதிரியே நின்னேன். டாக்டர் எழுந்து வந்தாரு. என் தோளுக்கும் கம்புக்கும் நடுவுல ஒரு விரலை விட்டாரு. இப்படியும் அப்படியும் நகத்தினாரு. எடுத்துட்டாரு.

"எத்தனை வருஷமா இப்படித் தூக்குறீங்க?"

"இருபது வருஷத்துக்கு மேல சார்"னு நான் பெருமையாச் சொன்னேன்.

"உங்க முட்டி நல்லா இருக்குமே"ன்னாரு.

எக்ஸ்ரே எடுக்காம, தொட்டுக் கூடப் பாக்காம சொன்னாரு சார்! கைராசிக்கார டாக்டர்னா சும்மாவா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், எனக்கு ஒண்ணுன்னா இவருகிட்டதான்.

முட்டியையே மாத்துற ஆப்பரேஷன் வேண்டாம், வயசு இருக்கு, பாரம் தூக்குற ஆளு, சொந்த முட்டியையே காப்பாத்திடலாம்னாரு. எப்படின்னா, முட்டிக்குக் கீழ இருக்கிற எலும்பை உள்பக்கத்துலேர்ந்து வெட்டுவாங்களாம். முழுசா இல்ல, மறுபக்கம் கொஞ்சம் விட்டு. வெட்டின இடத்தை மெதுவா விரிச்சு, கோடு நடுவுக்கு வந்ததும் ஒரு பிளேட்டை வச்சு ஸ்க்ரூ போட்டு நிறுத்திடுவாங்களாம். கதவு சாஞ்சா ஆசாரி கீல்ல ஆப்பு வைப்பாரு இல்ல, அதே வேலை. இடைவெளியில எலும்பு தானா வளந்து மூடிக்கும். பாரம் தேஞ்ச பக்கத்துலேர்ந்து நல்ல பக்கத்துக்கு மாறிடும். முதல்ல இடது கால். அது கூடினப்புறம் வலது.

நான் அங்கயே கேட்டேன். "டாக்டர், இதுனால ஆளு உசந்துடுவானா?"

"கொஞ்சம் உசருவாரு. வளைவு நிமிருது இல்ல"ன்னாரு, ஏதோ இலவச இணைப்பு மாதிரி.

வெளிய வந்ததும், "டேய், வேண்டாம்டா, பழம் உருண்டுடும்டா"ன்னேன். அவன் நொண்டிக்கிட்டே, "சௌரி, எனக்கு ராத்திரி புரண்டு படுக்க முடியலடா"ங்கிறான். நான் பேசுறது பெருமாள் விஷயம், அவன் பேசுறது படுக்கை விஷயம். செங்கமலம் ஆட்டோவுல ஏறும்போது என்கிட்ட சொல்லிச்சு, "நீங்க கவலைப்படாதீங்கண்ணே. உங்க முட்டி என்னிக்கும் தேயாது." வாழ்த்துற மனசு வேணும் சார். அந்தக் குடும்பத்துல அது ஒண்ணுதான் அப்படி.

வெட்டிட்டாங்க. ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிட்டுப் போய்ப் பாத்தேன். காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுப் படுத்திருக்கான், ராஜா மாதிரி. காலைத் தரையில ஊனவே கூடாதாம். வாக்கரைப் பிடிச்சிக்கிட்டு ஒத்தைக் கால்ல தத்தித் தத்தி கக்கூசுக்குப் போறான். பொண்டாட்டி மில்லு பாக்குது. பிசியோதெரபின்னு ஒரு பொண்ணு வந்து தொடையை இறுக்கு, விடு, இறுக்கு, விடுன்னு பாடம் நடத்துது. நான் போறப்பல்லாம் அவன் தொடையை இறுக்கிக்கிட்டே பேசுவான். சில நாள் வலி தாங்காம அழுதிருக்கான். அதை நான் மறைக்கல. ஒரு நாள் என் கையைப் பிடிச்சிக்கிட்டு, "திரும்ப சாமி தூக்குவேனாடா?"ன்னு கேட்டான். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. "தூக்குவடா. என் பின்னால உன்னத் தவிர யாரு நிப்பா?"ன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

உண்மையும் அதான் சார். போன வருஷ உற்சவம் அவன் இல்லாம வந்துச்சு. எனக்குப் பின்னால கஜேந்திரனை நிக்க வச்சாங்க. லாரி செட்டுல மூட்டை தூக்குறவன், ஆளு தூண் மாதிரி இருப்பான். மூணாம் நாளே "அண்ணே, எனக்கு முட்டி விட்டுப் போச்சு, நான் பின் வாரைக்கே போறேன்"னு ஓடிட்டான். அடுத்து ஒருத்தன் வந்தான், அவன் ஒரு வீதி தாங்கல. அப்புறம் உப்பிலி அண்ணன் தினம் ஒருத்தனைத் தேடிப் பிடிச்சு நிறுத்தினாரு. எனக்குப் பின்னால வர்றவன் எல்லாம் மூச்சு வாங்குறான், நான் சிரிச்சிக்கிட்டு வரேன். இந்தக் காலத்து ஆளுங்களுக்கு உடம்புல என்ன இருக்கு? எல்லாம் பரோட்டா.

இந்த வருஷம் வந்தான் சார், ஆராவமுது. ரெண்டு காலும் கூடிடுச்சு, டாக்டர் படம் எடுத்துப் பாத்து, படிப்படியா பாரம் தூக்கலாம்னு சொல்லிட்டாரு. மண்டபத்து வாசல்ல நிக்கிறான். எனக்கு ஆளே அடையாளம் தெரியல. கால் ரெண்டும் ஸ்கேல் வச்சு வரைஞ்ச மாதிரி. வேட்டி கூட ஒழுங்கா விழுது. நடந்து வந்தான், நொண்டல் இல்ல. எல்லாரும் கை தட்டுறாங்க. நானும் தட்டினேன். தட்டிக்கிட்டே அவன் தோளைத்தான் பாத்தேன்.

உப்பிலி அண்ணன் பலகையை வச்சாரு. பழத்தை வச்சாரு. கையை எடுக்கல, அதுக்குள்ள என் பக்கம் உருண்டு வந்து என் காலடியில விழுந்துச்சு. மறுபடி வச்சாரு. மறுபடி விழுந்துச்சு. பழம் சரியில்லண்ணேன்னேன். வேற பழம் வச்சாரு. அது இன்னும் வேகமா வந்துச்சு.

"ஜோடி இல்லப்பா"ன்னாரு.

நான் விடல. "இருபது வருஷ ஜோடிண்ணே! ஒரு நாள் பாருங்கண்ணே!"ன்னு கெஞ்சினேன். சரி, முதல் நாள் மட்டும் தூக்குங்கன்னு விட்டாரு.

முதல் நாள் ராத்திரி என்ன ஆச்சுன்னு கேளுங்க. பல்லக்கு எழும்புச்சு. நான் வழக்கம்போல முட்டியைத் தளத்தினேன், தோளை இறக்கினேன். சிரிச்சேன். தெற்குவீதி திரும்புறதுக்குள்ள எவனோ போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டுட்டான். எங்க ஊரு குரூப்புல முந்நூறு பேரு இருக்கான் சார், வெளிநாட்டுல இருக்கிறவன் கூட இருக்கான். அந்தப் போட்டோவுல என் தோளுக்கும் வாரைக்கும் நடுவுல எதிர்வீட்டு டியூப்லைட் தெரியுது. முழு டியூப்லைட். கீழ ஒருத்தன் எழுதியிருக்கான்: "முதல் தோள்: காற்று." துபாய்லேர்ந்து எழுதியிருக்கான்! அங்க வேலை இல்ல போலருக்கு.

யாரால வந்துச்சு இது? சொல்லுங்க. என்னாலயா? நான் என்னிக்கும் நின்ன மாதிரிதான் நின்னேன். உசந்தது யாரு?

அன்னிக்கு இறக்கினதும் அவனைத் தனியாக் கூப்பிட்டேன். "டேய், ஒரு விரக்கடைதான். கொஞ்சம் முட்டியை மடக்கிக்கிட்டு நட. முன்ன மாதிரி ஆயிடும்"னேன்.

"முட்டியை மடக்கிக்கிட்டுப் பாரம் தூக்குனா மறுபடி தேஞ்சிடும்டா. இதுக்கா ரெண்டு காலையும் வெட்டிக்கிட்டேன்?"ன்னான். அப்புறம், "நீ நிமிந்து நில்லேன் சௌரி"ன்னான்.

நான் என்னிக்கு சார் குனிஞ்சேன்? வாழ்க்கையில எவன்கிட்டயும் குனிஞ்சதில்ல. அதையும் அவன்கிட்ட சொன்னேன். அவன் தலையை ஆட்டிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

மறுநாள் உப்பிலி அண்ணன் இடத்தை மாத்திட்டாரு. முன் வாரை, முதல் தோள், ஆராவமுது. அவனுக்குப் பின்னால கஜேந்திரன். பலகை வச்சாரு, பழம் நின்னுச்சு. எனக்குப் பின் வாரை. என் ஜோடி தாமோதரன், பால் சொசைட்டியில இருக்கான், குள்ளம். என்னை விட அரை விரக்கடை கம்மி. பழம் கொஞ்சம் அவன் பக்கம் போச்சு. "பரவாயில்ல, நீங்க ரெண்டு பேரும் அனுசரிச்சுக்குவீங்க"ன்னாரு. அனுசரிக்கிறதுக்கு நான் என்ன கூட்டுக் குடும்பமா நடத்துறேன்?

அழுதேன் சார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். முதல் தோள் இல்லன்னா நான் யாரு? ஜெராக்ஸ் கடைக்காரன். முன் பக்கம் பின் பக்கம் ரெண்டும் எடுத்தா ரெண்டு ரூபான்னு சொல்றவன். அந்தப் பத்து நாளுதான் சார் என்னை நாலு வீதி சனமும் பேரு சொல்லிக் கூப்பிடும். அதையும் ஒருத்தன் காலை நிமித்திப் பிடுங்கிட்டான்.

பின் வாரையில நின்னேன். வழக்கம்போல தளந்தேன். தளந்தா, அந்தத் தாமோதரன் எனக்கு முந்தி தளந்து கிடக்கான்! எவ்வளவு இறங்கினாலும் மரம் என் தோளை விட்டு எழும்பவே மாட்டேங்குது. ஒட்டிக்கிட்டே வருது. திரும்பிப் பாத்தா அவன் சிரிச்ச மொகமா வரான். என்ன சாந்தம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஒருத்தன் வருவானா சாமி தூக்க? ஒரு மனச்சாட்சி வேணாம்? நாலு வீதி வந்து சேர்றதுக்குள்ள கண்ணு இருட்டிடுச்சு. பட்டர்கிட்டயே போய்க் கேட்டேன், "இந்த வருஷம் சாமிக்கு நகை ஏதாவது கூடப் போட்டிருக்கீங்களா? பல்லக்குல தகடு அடிச்சிருக்கீங்களா?"ன்னு. வழக்கமா போடுறதுதான்னாரு. நம்புற மாதிரியா இருக்கு? எங்கயோ பாரம் கூடியிருக்கு. இல்லன்னா எனக்கு ஏன் கனக்குது?

மேலவீதி மண்டகப்படியில பல்லக்கை நிறுத்துவோம். ஆயக்கால்னு முட்டுக் கட்டை இருக்கும், அது மேல வாரையை ஏத்தி நிறுத்திட்டு எல்லாரும் பானகம் குடிப்போம். அன்னிக்கு நிறுத்தினதும் முன்னால ஒரே கூட்டம். ஆராவமுது வாரையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறான், கண்ணுல தண்ணி கொட்டுது. ஆகா, எலும்பு விட்டுப் போச்சுன்னு ஓடினேன். பயந்துதான் ஓடினேன் சார், எனக்கும் அவனுக்கும் வேற யாரு இருக்கா. கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போய், "என்னடா, வலிக்குதா? உக்காருடா"ன்னு கையைப் பிடிச்சேன்.

"வலி இல்ல சௌரி"ன்னான். என்னையே பாத்தான். "சாமி இவ்வளவு லேசா இருப்பாருன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதுடா."

கோபமாச் சொல்லல. குத்தலாவும் சொல்லல. ரொம்ப நாள் கழிச்சுக் கொழம்பு ருசி தெரிஞ்ச காய்ச்சக்காரன் மாதிரி ஆச்சரியமாச் சொன்னான். கஜேந்திரன் வேற பக்கம் பாத்துக்கிட்டான். உப்பிலி அண்ணன் தலையைக் குனிஞ்சிக்கிட்டாரு. செங்கமலம் பூத்தட்டோட நின்னுச்சு, அது மட்டும் என்னை நேராப் பாத்துச்சு. பானகத்தைக் கூட யாரும் குடிக்கல.

அப்பத்தான் சார் எனக்கு சுரீர்னு உறைச்சுது. அந்த இடத்துலயே, அந்த நிமிஷமே விளங்கிடுச்சு.

எல்லாம் அந்த பிளேட்டு பண்ற வேலை.

பின்ன என்ன? அதே சாமி, அதே பல்லக்கு, அதே வாரை. அவன் உள்ள இரும்பு இருக்கு, அவனுக்கு லேசா இருக்கு. எனக்கு உள்ள ஒண்ணும் இல்ல, எனக்குக் கனக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எனக்கும் வெட்டி விரிச்சு ரெண்டு பிளேட்டை வச்சு ஒரு விரக்கடை ஏத்தி விட்டாங்கன்னா, அடுத்த வருஷம் மறுபடி பழம் நிக்கும். ஆராவமுது பழையபடி என் பின்னால வந்து நிக்கட்டும். அவனுக்கும் அது பழகின இடம்தானே. நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல. அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டுத்தான் வந்தேன், டாக்டரைப் பாக்கப் போறேன்னு. "போய்ட்டு வா"ன்னான். துணைக்கு வரேன்னு ஒரு வார்த்தை சொல்லல சார். நான் அவனுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்!

இருங்க, என் நம்பர்தான் கூப்பிடுறாங்க. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. இந்தக் கைல இல்ல, அந்தக் கைல குடுங்க. வலது கையைத் தூக்க முடியல. உற்சவத்துலேர்ந்தே இப்படித்தான். தோள்பட்டையில தோலு உரிஞ்சு, உள்ள விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சட்டை பட்டா உசிர் போகுது, ராத்திரி புரண்டு படுக்க முடியல. இருபது வருஷத்துக்கு மேல சாமி தூக்குறேன் சார், தோள் வலின்னா என்னன்னு இந்த வருஷம்தான் எனக்குத் தெரியுது. அது எதனாலன்னும் டாக்டரைக் கேட்டுட்டு வந்துடுறேன்.